குருவிக்கு இட்ட தானியமும் வளவில் முளைத்த களையும்

கடந்த ஆண்டு ஆவணி மாதம் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்த மருமகன், பயணப் பெட்டியைத் திறந்து பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சொக்கிலேற், முழங்கால் வலிக்கான களிம்பு, பேரப்பிள்ளை வரைந்த படம் ஆகியவற்றோடு இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பொதியும் வந்தது. அதன் மேல் எங்கள் ஊரில் இல்லாத ஒரு சிவப்புப் பறவையின் படம் அச்சிடப்பட்டிருந்தது.

"மாமா, அம்மப்பா குருவிக்குச் சோறு வைக்கிறவர் எண்டு பிள்ளை ஒரே சொல்லிக்கொண்டிருந்தவள். அதுதான் நல்ல சாப்பாடாய் வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றார்.

அன்போடு கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? மாமரக் கிளையில் ஒரு கூண்டைத் தொங்கவிட்டுத் தானியத்தை நிரப்பினோம். சிட்டுக்குருவிகள் வந்தன. புலுனிகள் கூட்டமாக வந்து கத்தின. மணிப்புறாக்கள் கீழே சிந்தியதைப் பொறுக்கின. பேத்தி மகிழ்ந்தாள், நானும் மகிழ்ந்தேன். விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஐப்பசி மழை பெய்து பத்து நாள் ஆன பின்னர் மாமரத்தடியைப் பார்த்தேன். சூரியகாந்தி முளைத்திருந்தது. அதனால் தீங்கில்லை. பெயர் தெரியாத புல் இனங்கள் சில முளைத்திருந்தன. அவற்றின் நடுவே, கரட் இலைபோல நன்கு பிளவுபட்ட இலைகளுடன் நாலைந்து சிறு செடிகள் தரையோடு படிந்து நின்றன. அந்த இலையைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது. அது பார்த்தீனியமா, அதன் தூரத்து உறவான றாக்வீட்டா என்று பூக்கும்வரை காத்திருந்து பார்க்க நான் தயாராக இல்லை. கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கி, வெயிலில் காயவைத்து எரித்துவிட்டேன். மறுநாள் கூண்டையும் கழற்றிவிட்டேன்.

நாலைந்து செடிகளுக்கு இத்தனை அச்சமா என்று வெளிநாட்டில் வாழும் வாசகர் கேட்கக்கூடும். எமது வேலிக்கு அப்பால் இருப்பது அயலவரின் வெங்காயத் தோட்டம். அவருடைய குடும்பத்தின் வருமானம் அந்தச் செம்மண்ணில்தான் இருக்கிறது. என் வளவில் பூத்து விதைக்கும் ஒரு செடி அடுத்த மாரியில் அவருடைய தறையில் முளைக்கும். அந்தக் கடனை நான் எதைக் கொண்டு அடைப்பேன்?

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப வலயத்தைத் தாயகமாகக் கொண்டது. ஒரு செடி பதினையாயிரம் விதைகளுக்கு மேல் உதிர்க்கவல்லது. முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். மண்ணுக்குள் புதைந்த விதை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும். அதிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் அருகிலுள்ள பயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தொடுவோருக்குத் தோல் அழற்சியும், மகரந்தத்தைச் சுவாசிப்போருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் உண்டாகின்றன. மாடு தின்றால் பாலும் கசக்கும்.

இக்களை உலகைச் சுற்றி வந்த கதையைப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். இதை எவரும் பகைமையால் பரப்பவில்லை. பெரும்பாலும் யாரோ யாருக்கோ உணவு கொடுக்க முயன்றபோதே இது பரவியது.

இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் பூனாவில் இச்செடி கவனத்துக்கு வந்தது. பஞ்சம் தீர்க்க அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு விதையும் வந்தது என்பதே அங்கு பரவலான நம்பிக்கை. காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் வந்ததால் "காங்கிரஸ் புல்" என்று மக்கள் பெயரும் சூட்டினர். கோதுமைக்கு முன்னரே இது வந்துவிட்டது என்று வாதிடும் தாவரவியலாளரும் உள்ளனர். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் இக்களையின் பெரும் பரவல், 1958 அளவில் மாடுகளின் மேய்ச்சலுக்காக டெக்சாஸிலிருந்து தருவிக்கப்பட்ட புல் விதையோடு தொடங்கியது. எதியோப்பியாவுக்குப் பட்டினி நிவாரணத் தானியத்தோடு சென்றது என்று கருதப்படுகிறது. அங்கு ஒரோமோ மக்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள், "காணியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பதாகும்.

எமது மண்ணுக்கு வந்த கதையும் இதே வகையினதுதான். 1987இல் இந்திய அமைதிப் படை வந்தபோது, படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதைகள் வந்தன என்பது விவசாயத் துறையினர் பொதுவாகக் கூறும் விளக்கம். 1990இல் படை வெளியேறியது, செடி வெளியேறவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் களையைக் கவனிக்க யாருக்கு அவகாசம் இருந்தது? மக்கள் இடம்பெயர்ந்தனர்; தோட்டங்கள் தரிசாகின. ஆளில்லாத மண்ணில் பார்த்தீனியம் குடியேறியது. பின்னர் பாதை திறந்து லொறிகள் ஓடியபோது, சில்லில் ஒட்டிய சேற்றோடும் எருவோடும் வைக்கோலோடும் அது பயணம் செய்தது.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது ஒழிக்கப்படவேண்டிய களையாக அறிவிக்கப்பட்டது. வட மாகாண சபை இயங்கிய காலத்தில், 2014இல், அதன் விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் ஒழிப்பு இயக்கமொன்றை முன்னெடுத்தார். மாணவர்களும் விவசாயிகளும் வீதியோரங்களில் இறங்கிப் பிடுங்கினர். ஆனால் இக்களை ஒரு நாள் சிரமதானத்துக்குப் பணிந்துவிடுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு நாட்காட்டி தெரியாது. மழை மட்டுமே தெரியும்.

இனி, குருவித் தானியத்துக்கு வருவோம்.

மேற்கு நாடுகளில் குருவிகளுக்குத் தானியம் இடுவது பெருவணிகம். அத்தானியத்தோடு களை பரவுவதும் அங்கு புதிய செய்தியல்ல. அமெரிக்காவில் 1937இல் கஞ்சாவுக்கு வரிச்சட்டம் கொண்டுவந்தபோது, முதலில் எழுந்து வந்து முறையிட்டோரில் குருவித் தானிய வியாபாரிகளும் அடங்குவர். கூண்டுப் பறவைகளின் உணவில் கஞ்சா விதை சேர்க்கப்பட்டு வந்ததே காரணம். முளைக்காதவாறு பதப்படுத்திய விதைக்கு அச்சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. எதியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவுக்குச் செல்லும் பேயெள்ளோடு, "அம்மையார் கூந்தல்" என்று நாம் அழைக்கும் ஒட்டுண்ணிக் கொடியின் விதை கலந்திருந்தது. ஆகவே அந்நாட்டுக்குள் நுழையும் பேயெள்ளை அதிக வெப்பத்தில் சூடாக்கிய பின்னரே விற்கவேண்டும் என்று விதித்தனர்.

ஐரோப்பாவில் றாக்வீட் எனும் களை, சூரியகாந்தி விதை கலந்த குருவித் தானியத்தின் மூலம் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது. பார்த்தீனியத்தைப் போல இதன் மகரந்தமும் பெரும் ஒவ்வாமையை உண்டாக்கும். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம், விலங்குணவுத் தானியத்தில் ஒரு கிலோவுக்குப் பொதுவாக 50 மில்லிகிராமுக்கு மேல் இவ்விதை இருக்கக்கூடாது என்று எல்லை வகுத்தது. சிட்டுக்குருவிக்கு இடும் கைப்பிடித் தானியத்துக்காக ஒரு கண்டமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கலவைத் தானியத்தில் இன்னுமொரு குறை உண்டு. பொதியின் எடையைக் கூட்டுவதற்கு மலிவான தானியங்களைச் சேர்க்கிறார்கள். குருவி கெட்டிக்காரி. தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை அலகால் தள்ளிவிடும். தள்ளியது மண்ணில் விழும்; மழை வந்தால் முளைக்கும். ஆகவே எந்தத் தானியத்தைக் குருவி முழுவதுமாகத் தின்னுமோ அதை மட்டுமே, அன்றன்றைக்குத் தின்னும் அளவில் இடுவதே முறை.

எம்மவரின் பழைய வழக்கத்தில் இந்த அறிவு இயல்பாகவே இருந்தது. புரட்டாதிச் சனியில் காகத்துக்கு வைத்தது சமைத்த சோறு. சோறு முளைப்பதில்லை. முற்றத்தில் சிட்டுக்குருவிக்குத் தூவியது அரிசி குற்றும்போது உடைந்த குறுநொய். அதுவும் முளைப்பதில்லை. விறாந்தையில் முட்டி கட்டிக் குருவிக்கு வீடு கொடுத்த எமது பாட்டிமார் தாவரவியல் படித்தவர்கள் அல்லர்; ஆயினும் அவர்கள் இட்ட உணவால் எவருடைய தோட்டமும் கெடவில்லை.

ஆகவே, குருவிக்கு உணவிட விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உமி நீக்கிய தானியத்தை இடுங்கள். குறுநொய், சாமை அரிசி, தினை அரிசி ஆகியவை போதும். சூரியகாந்தி விதையானால் கோது நீக்கிய பருப்பை வாங்குங்கள். அது முளைப்பது அரிது. முழுத் தானியந்தான் கிடைக்கிறது என்றால், அரிதட்டில் அரித்து, சுளகில் புடைத்து, பின்னர் தாச்சியில் நன்றாகச் சூடேறும்வரை வறுத்து ஆறவிட்டு இடுங்கள். அரித்ததில் விழும் சிறுவிதைகளைக் குப்பையில் கொட்டாது அடுப்பில் போடுங்கள். கூண்டின் கீழே ஒரு தட்டை வையுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த தானியத்தை அகற்றுங்கள். மாரி தொடங்கியதும் கூண்டின் அடியை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கரட் இலை போன்ற செடி தென்பட்டால் பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையுடன் வேரோடு பிடுங்குங்கள். உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று இந்தியாவில் கூறுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்ய வேண்டாம். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீர்தான் எமக்கு முக்கியமான நன்னீர். அதில் உப்பு ஏறுவது ஏற்கெனவே எமது பெருங்கவலை.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஒரு வேண்டுகோள். தானியப் பொதியையோ பூவிதைப் பொட்டலத்தையோ பெட்டியில் வைக்காதீர்கள். அனுமதியின்றி விதை கொண்டுவருவது சட்டத்துக்கும் புறம்பானது. சட்டம் தெரியாமல் நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யவேண்டாம்.

"வெற்றுக்காணி முழுவதும் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு நிற்கிறது. நீர் மாமரத்தடியில் நாலு செடியைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கட்டுரை எழுதுகிறீரே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துப் பார்த்தீனியத்துக்குக் குருவித் தானியம் காரணமல்ல என்பதை நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வெற்றுக்காணிகள் யாருடையவை?

எமது ஒழுங்கையில் மூன்று வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் உரிமையாளர் லண்டனில், இன்னொருவர் சிட்னியில், மூன்றாமவர் பாரிஸில். ஒவ்வொரு மாரியிலும் அம்மூன்று வளவுகளும் வெள்ளைவெளேரென்று பூக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். வெங்காயத் தோட்டக்காரர் தமது தறையை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், விதை மதிலுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பூட்டிய கேற்றைத் திறக்க அவருக்கு உரிமை இல்லை. திறக்க உரிமை உள்ளவர் கடல் கடந்து இருக்கிறார்.

இதை எழுதுவது எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கல்ல. அவர்கள் விரும்பி ஊரைவிட்டுப் போனவர்கள் அல்லர் என்பதை நானறிவேன். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் அவர்கள் அள்ளிக் கொடுப்பதையும் அறிவேன். நான் கேட்பது அதைவிடச் சிறியது. கார்த்திகையில் ஒருமுறை, தையில் ஒருமுறை, கூலிக்கு ஆள் பிடித்து வளவைத் துப்புரவாக்க ஏற்பாடு செய்யுங்கள். செடி பூத்த பின்னர் அல்ல, பூக்குமுன். ஒரு நம்பிக்கையான உறவினரிடம் கேற்றின் திறப்பைக் கொடுத்து வையுங்கள்.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்றார்கள் பெரியோர். இடும் பொருளையும் அறிந்து இடவேண்டும் என்று அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். பூனாவுக்குக் கோதுமை அனுப்பியவரும், படையினருக்கு ஆடு அனுப்பியவரும், பேத்தியின் சொல்கேட்டுத் தானியம் வாங்கிய என் மருமகனும் நல்லெண்ணத்தில் குறைந்தவர்கள் அல்லர்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேத்தி, "அம்மப்பா, கூண்டில குருவி வருதோ?" என்று கேட்டாள். கூண்டை எடுத்துவிட்டதையும், காரணத்தையும் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுகள் என்னத்தைச் சாப்பிடும்?" என்றாள். காலையில் குறுநொய் தூவுவதாகவும், மண்சட்டியில் தண்ணீர் வைப்பதாகவும், சித்திரை வெயிலில் தானியத்தைவிடத் தண்ணீருக்கே அதிகம் குருவிகள் வருவதாகவும் சொன்னேன். அடுத்த முறை வரும்போது எதைக் கொண்டுவரட்டும் என்று கேட்டாள். ஒரு நல்ல கையுறை கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.