அல்டாப்ராவின் பில் யாருக்கு?

செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது அல்டாப்ரா பவளத்தீவு. 1982-லிருந்து அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஆய்வு நிலையத்துப் பணியாளர்கள் சிலரை விட்டால் அங்கே மனிதர் கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ராட்சத ஆமைகளின் ராஜ்ஜியம் அது. ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத அந்தக் கரையில்தான் 2019-ல் 12 தன்னார்வலர்கள் ஐந்து வாரம் தங்கி 25 டன் குப்பை அள்ளினார்கள்.

அள்ளினார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கத்திமுனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பவளப் பாறையில் சிக்கிய வலையை அறுத்தெடுத்து, மூட்டை கட்டி, வெயிலில் தூக்கிச் சுமந்து கப்பலேற்றும் வேலை அது. அவர்களைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது யாருக்கு வசதி என்பதையும் கேட்டாக வேண்டும்.

தீவில் இன்னும் 513 டன் மிச்சம் என்றது 2020-ல் வெளியான ஆய்வு. அதை அகற்ற 18,000 மணி நேர உழைப்பும் சுமார் 47 லட்சம் டாலரும் தேவையாம். எடைக்கணக்கில் 83 சதவீதம் மீன்பிடிக் கருவிகள். இவற்றில் பெரும்பகுதி, சுருக்குமடி வலையோடு சூரை மீனைத் துரத்தும் பெருங்கப்பல்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நிழலைத் தேடி மீன் கூடட்டும் என்று இந்தக் கப்பல்கள் மிதவைகளைக் கடலில் விடுகின்றன. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் 2019-ல் விதித்த உச்சவரம்பே கப்பலுக்கு 300. ஒவ்வொன்றிலும் சாட்டிலைட் கருவி உண்டு; எந்த மிதவை எங்கே போகிறது என்பது உரிமையாளருக்குத் தெரியும். மீன்பிடிக்கும் பகுதியைத் தாண்டி ஒதுங்கினால் தொடர்பைத் துண்டித்துவிடுவதும் உண்டு. வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற வேலைதான். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எறியக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 முதல் இருக்கிறது. எச்சரிக்கையாக இருந்தும் தவறிப்போன வலைக்கு அதில் விலக்கு. அந்த ஓட்டையில் ஒரு கப்பலே நுழைந்துவிடலாம்.

ஆகவே, துப்புரவுச் செலவைச் சூரைக் கப்பல்களே ஏற்க வேண்டும். பிடிக்கிற டன்னுக்கு இவ்வளவு என்று வசூலித்து, கரையோரத் தீவுகளுக்கென்று தனி நிதி வைக்கலாம். செஷல்ஸ் மட்டும் தனியாகக் கட்டணம் போட்டால் கப்பல்கள் வேறு நாட்டு உரிமத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. உரிமக் கட்டணம் அந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய வருமானம். அதனால்தான் ஆணையமே எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே விகிதத்தில் விதிக்க வேண்டும் என்கிறோம்.

அல்டாப்ராவில் ரப்பர் செருப்புகளும் குவிந்து கிடக்கின்றன. எந்த நாட்டுக் கால்கள் கழற்றிவிட்டவை என்று எவராலும் சொல்ல முடியாது. அவற்றைப் பொறுக்கத் தன்னார்வலர்கள் குனியட்டும். வலைக்கும் மிதவைக்கும் முதலாளி இருக்கிறார். அந்த 25 டன் மூட்டைகள் போய் இறங்கியது மாஹேயில்; சூரை ஆணையத்தின் அலுவலகம் இருப்பதும் அதே தீவில்தான்.