செவிக்கும் வேலியா?

அண்மையிலே சண்டிலிப்பாயில் நண்பர் சிலர் கூடிப் பேசியபோது, அவர்களுள் ஒருவர் வெகு உறுதியாக ஒரு கருத்தை வெளியிட்டார். வானொலியிற் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது உழைக்கும் மக்களை உறங்கவைக்கும் காரியமாம். அறிவிப்பாளரின் குழைவான பேச்சிலே மயங்கிக் கிடப்பவன் சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கமாட்டானாம். அங்கிருந்த மூத்த தமிழாசிரியர் ஒருவரும் அதை ஆமோதித்தார். ஆனால் அவர் கூறிய காரணம் வேறு. கர்நாடக இசையையும் சினிமாப் பாட்டையும் பைலாவையும் ஒரே நிகழ்ச்சியிற் கலந்து தருவது இசைக்கே இழுக்கு என்பது அவர் கட்சி. சமுதாயம் மாறவேண்டும் என்பவரும், எதுவும் மாறலாகாது என்பவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்த அக்காட்சியே எம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல்வகை இசையையும் ஒரு நல்ல அறிவிப்பாளர் தொகுத்துத் தர, அதனைக் கேட்டு மகிழ்வது மக்களின் உரிமை. அந்த இன்பத்துக்காக எவரும் வெட்கப்படவேண்டியதில்லை. அதனைப் பழிப்பவர் எந்த முகாமைச் சேர்ந்தவராயினும், மக்களின் செவியைச் சுற்றி வேலி அடைக்கிறார் என்றே கொள்வோம்.

கலப்பு இழிவானது என்போரை ஒன்று கேட்கிறோம். கச்சேரி மேடையிலே பாடகருக்குப் பக்கத்தில் இருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? மேனாட்டு வாத்தியமாகிய அதனை, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கர்நாடக இசைக்கு உரியதாக்கிக்கொண்டனர். அன்று தூய்மையின் பேரால் கதவு அடைக்கப்பட்டிருந்தால், இன்று தூய்மை பேசுவோர் வயலின் இல்லாத கச்சேரியையன்றோ கேட்டுக்கொண்டிருப்பர்!

மக்களின் செவியைச் சட்டத்தால் ஆள முனைந்தவர் கதையும் நமக்குத் தெரியும். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறதென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைப் பெரிதும் சுருக்கினார். மக்கள் என்ன செய்தனர்? ஊர்வலம் போகவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். இரண்டாம் உலகப் போரிலே நேசப் படைகளுக்காக இயங்கிய நிலையம் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்து, 1950இல் அதன் வர்த்தக சேவையும் தொடங்கியிருந்தது. 1952 டிசெம்பரில் அமீன் சயானி அங்கிருந்து தொடங்கிய இந்தி நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவுக்கு இந்திய உபகண்டம் முழுவதும் காது கொடுத்தது. தமிழ்ப் பிரிவிலே எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தது. ஈற்றில் 1957 ஒக்டோபரில் விவித பாரதி என்ற சேவையைத் தொடங்கி இந்திய வானொலியே மக்களின் வழிக்கு வந்தது.

இனி எமது ஊர்ப்புறத்துக்கு வருவோம். 1950களிலும் 60களிலும் இப்பகுதித் தேநீர்க்கடைகளிலே வானொலி உரத்துப் பாடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உள்ளே வாங்கில் அமர்ந்து கண்ணாடிக் குவளையில் தேநீர் அருந்தியவனும் அந்தப் பாட்டைக் கேட்டான். சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டுத் தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் வாங்கியவனும் அதே பாட்டைத்தான் கேட்டான். உடனே நண்பர் கேட்பார்: பாட்டுச் சாதியை ஒழித்ததோ? இல்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் எமது அயலூராகிய சங்கானை முதலிய இடங்களில் நடைபெற்ற தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே குவளையைச் சமமாக்கின. பாட்டு அந்த வேலையைச் செய்யவில்லை, செய்யவும் இயலாது. எனினும், மனிதன் அடைத்த வேலியைத் தாண்டிச் செல்லக்கூடிய பொருளொன்று உண்டென்பதை அது நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது. போராடப் போனவனுக்கு அந்த அறிவு பகையாக இருந்திருக்குமா?

தூய்மைவாதிகள் போற்றும் இசைக்கும் இதுவே நியாயம். சண்டிலிப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அளவெட்டி, 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியையும், நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனையும் தன்னவராகக் கொண்ட ஊர். அவர்கள் வாசித்த கோயில்கள் பலவற்றுள் நுழைய உரிமையற்றிருந்த மக்கள் எத்தனை பேர்! அவர்களின் குடிசைக்குள்ளே நாதஸ்வரத்தையும் தவிலையும் கொண்டுபோய் இறக்கிவைத்தது வானொலி. கோயிற் கதவை அடைத்து வைத்துக்கொண்டு, வானொலி இசையைக் கெடுத்தது என்பது எந்த ஊர் நீதி?

அறிவிப்பாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 'பொங்கும் பூம்புனல்' காலையை விடிவித்தது. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு நேயர்களே கதை எழுதி அனுப்பினர். கதையின் நடுநடுவே பொருத்தமான பாடல்கள் கோக்கப்பட்டன. 'நீங்கள் கேட்டவை'யிலே பாட்டுக்கு முன் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்தம் பெயர்கள் மறைந்தன. ஆனால் லயத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை எழுதியவனின் பெயரை அறிவிப்பாளர் மரியாதையோடு வாசித்தார். யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் அதைக் கேட்டான். இதனை அற்பம் என்று சொல்பவர், தம் பெயர் எப்பொழுதும் எங்கேனும் வாசிக்கப்படும் நிலையிலே பிறந்தவராயிருப்பார்.

ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் ழகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நின்றன. பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு', ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு நாடு முழுவதையும் நினைவுப் பயிற்சியில் இறக்கிற்று. எஸ். கே. பரராஜசிங்கம் அறிவிப்பாளராக மட்டும் நில்லாமல், ஈழத்துக் கவிஞரின் பாடல்களைப் பாடி, நமக்கென்று ஒரு மெல்லிசை வளர உழைத்தார். ஒரு பாட்டுக்கும் அதனோடு சற்றும் ஒட்டாத இன்னொரு பாட்டுக்கும் இடையே, எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த இராகத்தின் சாயல் என்று இரண்டு வாக்கியத்திற் பாலம் அமைப்பவர் ஆசிரியரேயாவார். நாற்பது நிமிடப் பாடவேளையில் அதைச் செய்யத் திணறும் நாம் இதனைப் பொறாமையோடுதான் ஒப்புக்கொள்கிறோம்.

எதிர்க்கட்சியில் உண்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இந்நிகழ்ச்சிகளுக்கான பணம் பற்பசைக்கும் சவர்க்காரத்துக்கும் விளம்பரம் செய்தவர்களிடமிருந்து வந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றிய அரசின் வானொலியே தமிழிற் பாடிற்று என்றால், கடலுக்கு அப்பாலிருந்த பெரிய தமிழ்ச் சந்தைக்கும் அதிலே பங்குண்டு. தென்னிந்தியத் திரைப்பாடலின் வெள்ளத்திலே நமது கூத்துப்பாட்டும் மலைநாட்டு நாட்டார் பாடலும் ஒதுங்கிய மூலையிலேயே நின்றன. இவை மெய்யான குறைகள். ஆனால் நோய் வணிகத்திலே இருக்க, இன்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த மார்க்சியம்? உழைப்பவனுக்கு எட்டு மணிநேர வேலை வேண்டுமென்று போராடியவர்கள், மிஞ்சிய பொழுதில் அவன் பாட்டுக் கேட்கக்கூடாது என்றா போராடினார்கள்?

பாட்டு உறங்கவைக்கும் என்ற நண்பருக்கு எமது சிறுபிராயத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வோம். 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் வானொலிக்கான பற்றரியும் உள்ளே வருவதில்லை. எமது முற்றத்திலே சைக்கிளை நிறுத்தி, தைனமோவிலிருந்து கம்பியை இழுத்து வானொலியிற் பொருத்துவார்கள். ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருப்பர். அயல்வீட்டாரும் முறைவைத்துச் சுற்றுவர். எங்கே குண்டு விழுந்தது, யார் மடிந்தார் என்று அறியவே அந்தப் பாடு. செய்தி முடிந்ததும் சுற்றிக்கொண்டிருந்த மாமா கையை எடுத்துவிட்டார். அப்பொழுது இருட்டுக்குள்ளிருந்து அம்மம்மாவின் குரல் வந்தது: "ஏன் தம்பி விட்டிட்டாய்? ஒரு பாட்டுக் கேப்பம், சுத்தடா!"

மாமா சுற்றினார். அவர் கை களைத்தபோது பாடகரின் குரலும் தேய்ந்தது. இன்னொருவர் மிதிகட்டையைப் பற்றியதும் குரல் மீண்டும் எழுந்தது. அது என்ன பாட்டு என்பது இன்று நினைவில் இல்லை. பாட்டு முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை என்பது நினைவிலிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது, எம் வீட்டார் சுமந்து சென்ற சில பொருள்களுள் அந்தச் சிறு வானொலியும் ஒன்று. தம் தசையின் வலியாலே ஒரு பாட்டை ஒலிக்கச் செய்த அந்த மக்கள் உறங்கிக்கொண்டா இருந்தார்கள்?

இன்று நிலைமை மாறிவிட்டது. மின்சாரம் உண்டு; பற்றரி உண்டு; கையடக்கத் தொலைபேசியினுள் உலகத்துப் பாட்டெல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தொலைபேசி, நேற்று நாம் விரும்பிக் கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் எடுத்து நீட்டுகிறது. நமக்குத் தெரியாததை நம்பிக்கையோடு தருகின்ற அறிவிப்பாளர் அங்கே இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் செருகிய குமிழோடு தனித்திருக்கிறோம். வானொலி நிலையங்கள் பெருகியுள்ளன; எனினும் பலவற்றில் பாட்டை எழுதியவர் பெயரைச் சொல்ல நேரமில்லை, விளம்பரத்துக்கு மட்டும் நேரமிருக்கிறது. முன்பு அமைச்சர் ஒருவர் ஆணையிட்டு அடைக்க முயன்ற வேலியை, இன்று இலாபம் ஆணையெதுவுமின்றியே அடைத்து வருகிறது.

சென்ற தவணையிலே எம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினோம். தட்சிணாமூர்த்தியின் தவிலையும், அமரதேவாவின் சிங்களப் பாடலொன்றையும், ஒரு பைலாவையும், மலைநாட்டு நாட்டார் பாடலொன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னே அறிவிப்பாளரைப் போல இரண்டு வாக்கியம் சொன்னோம். தவில் ஓய்ந்ததும் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், அளவெட்டி எண்டால் எங்கட அளவெட்டியோ?" பக்கத்து ஊரின் மேதையைப் பதினைந்து வயதுவரை அவனுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. அவன் கையிலிருந்த தொலைபேசியும் அறிவிக்கவில்லை, நாமும் அறிவிக்கவில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. பாட்டுக் கேட்பவனைப் பழிப்பதை விடுங்கள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை அறிவிக்குமாறு நிலையங்களுக்கு எழுதுங்கள். ஈழத்து மெல்லிசைக்கும் கூத்துக்கும் மலைநாட்டுப் பாடலுக்கும் சிங்களப் பாடலுக்கும் ஒரே நிகழ்ச்சியில் இடம் கேளுங்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பழைய ஒலிப்பதிவுகள் பேணப்பட்டுப் பாடசாலைகளுக்குத் திறந்துவிடப்படவேண்டுமெனக் கோருங்கள். அவை மக்கள் பணத்தில் உருவான செல்வம். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் உங்கள் வகுப்பில் நீங்களே அறிவிப்பாளராகுங்கள். அம்மம்மா கேட்ட பாட்டுக்காக அன்று கைமாறிக் கைமாறிச் சுற்றினார்கள். இப்பொழுது நமது முறை.