சட்டம் விட்டால் சரியா?



“அரசாங்கமே விடுகிறது, பிறகென்ன?” என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவோம் என்பது 2015 தேர்தலில் லிபரல் கட்சி கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. அக்கட்சி வென்றது. 2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் அதைக் கடையில் வாங்கலாம். ஆனால் கஞ்சா நல்லது என்று சட்டம் சொல்லவில்லை. இளையோர் கைக்கு அது போகாமல் தடுப்பதும், கள்ளச் சந்தையை ஒடுக்குவதும் அதன் நோக்கங்கள். அதனால்தான் ஒன்ராறியோவில் 19 வயதும், கியூபெக்கில் 21 வயதும் ஆகாதவர்களுக்கு விற்கக்கூடாது.

எல்லா நாடும் இதே முடிவுக்கு வரவில்லை. நியூசிலாந்தில் 2020இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 50.7 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள், 48.4 வீதத்தினர் வேண்டும் என்றார்கள்.

மக்கள் கருத்து நாட்டுக்கு நாடு மாறும், உடம்பு மாறாது. தாதியராகிய நாங்கள் சொல்வது இதுதான்: மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்கிறது. அதற்குள் அடிக்கடி பாவித்தால் நினைவாற்றலும் கவனமும் பாதிக்கப்படலாம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கஞ்சா கலந்த இனிப்பு வேலைசெய்ய இரண்டு மணித்தியாலம்கூட ஆகலாம். “ஒன்றும் செய்யவில்லையே” என்று இன்னொன்றும் சாப்பிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு.

பெற்றோரே, பிள்ளை இதைப்பற்றிக் கேட்டால் உடனே ஏசாதீர்கள். பயந்த பிள்ளை டொக்டரிடமும் மறைக்கும். என்ன எடுத்தது என்று தெரியாவிட்டால் சரியான சிகிச்சை தாமதமாகும்.

தம்பி தங்கைகளே, கேள்வி இருந்தால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் எங்களிடம் வாருங்கள்.