'அமைதி அறை' என்று பெயர், உள்ளே அடைபடுவது குழந்தை: அமெரிக்கப் பள்ளிகளில் என்ன பிரச்சினை?

பாலைக் கொட்டியதற்காக ஒரு குழந்தையைத் தனி அறையில் அடைப்பார்களா? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளிகளில் அடைத்திருக்கிறார்கள். பாடம் எழுத மறுத்ததற்கும், லெகோ துண்டுகளை வீசியதற்கும்கூட. 2019 நவம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகாவும் இதை வெளியே கொண்டுவந்தன. சுமார் 15 மாதங்களில் 20,000-க்கும் அதிகமான முறை இப்படி நடந்திருந்தது. பாதுகாப்புக்காக மட்டுமே அடைக்கலாம் என்பது அப்போதைய சட்டம். ஆனால், காரணம் தெரிந்த சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதுகாப்புக் காரணம் எதுவும் பதிவாகவில்லை.

அப்படின்னா என்ன?

இதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, மாணவர் அசைய முடியாதபடி உடலைப் பிடித்து அழுத்துவது. இன்னொன்று, வெளியே வர முடியாதபடி அறையில் தனியே அடைப்பது. 'கொஞ்ச நேரம் தனியா உட்காரு' என்று ஓரமாக உட்கார வைப்பது இதில் சேராது.

குப்புறப் படுக்க வைத்து அழுத்துவதுதான் மிக ஆபத்தானது. மார்பு அழுந்தினால் மூச்சு விட முடியாது. குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள் என்பதை 2009-ல் அந்நாட்டின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் ஆவணப்படுத்தியது.

யார் பாதிக்கப்படுகிறார்கள்?

2017-18 கல்வியாண்டில் சுமார் 1,02,000 மாணவர்கள் இதற்கு ஆளானார்கள் என்கிறது அமெரிக்கக் கல்வித் துறை. மாற்றுத்திறனாளி மாணவர்கள் மொத்தத்தில் வெறும் 13%. ஆனால், உடலைப் பிடித்து அடக்கப்பட்டவர்களில் அவர்கள் 80%, அடைக்கப்பட்டவர்களில் 77%. தனக்கு நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாத பிள்ளைகளும் இவர்களில் உண்டு.

ஆசிரியர் பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி. ஒரு மாணவர் இன்னொருவரை அடிக்கப் பாயும்போது ஆசிரியர் தடுத்துத்தான் ஆக வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. உடனடி ஆபத்து இருந்தால் மட்டும், அது தீரும்வரை மட்டும் என்பதுதான் கோரிக்கை. கோபம் ஏறும் முன்பே பேசித் தணிக்கும் பயிற்சியும் போதுமான உதவியாளர்களும் இல்லாமல் ஆசிரியரிடம் விதியை மட்டும் நீட்டுவதும் சரியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

செய்தி வந்த மறுநாளே இல்லினாய் கல்வி வாரியம் அவசர விதி கொண்டுவந்தது. 2021-ல் சட்டமும் வந்தது. ஆனால் நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. 2010-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அதன்பின் வந்த மசோதாக்களும் சட்டமாகவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது.

எண்ணாமல் குறையாது

2015-16-ல் 70% பள்ளி மாவட்டங்கள் 'எங்களிடம் ஒன்றுகூட நடக்கவில்லை' என்று கணக்குக் கொடுத்தன. அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று 2019-லேயே பொறுப்புடைமை அலுவலகம் எச்சரித்தது. இல்லினாய் எண்ணிக்கையும் அரசு தந்ததல்ல. பள்ளிகளின் குறிப்பேடுகளைச் செய்தியாளர்கள் கேட்டு வாங்கி எண்ணியது.

ஆகவே தடை மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் ஒரு செயலைப் பள்ளி குழந்தையிடம் செய்யவே கூடாது.