பருவுக்கு அஞ்சிப் படுகுழியில் வீழாதீர்!

உடம்பைப் பேணுதல் ஒவ்வொருவர்க்கும் கடமை. ஆனால், உடம்பைப் பற்றிய நாணத்தை மூட்டிவிட்டு, அந்நாணத்தையே முதலாக வைத்துப் பொருளீட்டுதல் இற்றைநாள் வணிகத்தின் வழக்கமாகிவிட்டது. பற்சொத்தைக்கோ கண்ணோய்க்கோ நாணாத நம் இளையோர், முகத்தில் ஒரு பரு தோன்றிவிட்டால் நாணிக் குறுகுகின்றனர். அந்நாணம் அவர்களை மருந்துக் கடைக்கு ஓட்டுகின்றது. கடை அவர்கள் கையில் ஒரு களிம்புக் குழலைக் கொடுத்தனுப்புகின்றது. அக்குழலுள் இருப்பது இன்னதென்று அவர்களும் அறியார்; அவர்தம் பெற்றோரும் அறியார். அறியாமைக்குக் கரணியம் அவர்தம் மடமையன்று. குழலின்மேல் உள்ள எழுத்து அவர்தம் மொழியில் இல்லை என்பதே.

பரு என்பது யாது?

பரு என்பது தனித்தமிழ்ச் சொல். பருத்தல், பருமை, பருமன் என்பவற்றோடு ஓரடிப் பிறந்தது. தோலினின்று பருத்தெழுவது பரு. அஃது எவ்வாறு எழுகின்றது என்பதை அறிந்துகொண்டால் பாதி அச்சம் ஒழியும்.

நம் முகத்திலுள்ள மயிர்க்கால்களை ஒட்டி நெய்ச்சுரப்பிகள் உள்ளன. பூப்புப் பருவத்தில் ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஊறும் இயக்குநீர்கள் அச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. நெய் மிகுகின்றது. உதிர வேண்டிய தோலணுக்கள் நெய்யோடு ஒட்டி மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. வாய் திறந்தவாறே அடைபடின் கரும்புள்ளி. மூடி அடைபடின் வெண்புள்ளி. உள்ளே, எல்லார் தோலிலும் இயல்பாக வாழும் நுண்ணுயிரி பெருகி அழற்சியுண்டாயின் அது செம்பரு; சீழ் கோப்பின் சீழ்ப்பரு. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. காற்றுப் பட்டுக் கறுத்த நெய்யும் தோல்நிறமியுமே. எனவே பரு அழுக்கால் வருவதன்று. ஒழுக்கக் கேட்டால் வருவதுமன்று. 12 முதல் 24 வரையுள்ள அகவையினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் ஓரளவேனும் இதனைக் காண்கின்றனர் என்பது தோல் மருத்துவர் கணக்கு. நூற்றுக்கு 85 பேர்க்கு வருவதை நாணத்தக்க குறையென்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

எங்கள் பக்கத்தில் மற்றொரு தவறான கருத்தும் உண்டு. வேர்க்கடலை தின்றால் பரு வரும் என்று பிள்ளைகளை அதட்டுகின்றனர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை வகைகள் இவ்வூரின் பெயரெழுத்துகளையே தாங்கி நாடெங்கும் விளைகின்றன. அத்தகைய மண்ணில், ஏழைப் பிள்ளைக்கு எளிதிற் கிடைக்கும் ஊட்டவுணவைப் பருவின்மேல் பழிபோட்டுப் பறிப்பது கொடுமை. வேர்க்கடலை பருவைத் தோற்றுவிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இனிப்பும் வெள்ளை மாவுப் பண்டங்களும் மிகுதியாக உண்பார்க்குப் பரு கூடுதலாகின்றது என்று காட்டும் ஆய்வுகளே உள்ளன. கடலையைத் தடுத்துவிட்டு, இனிப்பூட்டிய குளிர்நீர்ப் புட்டியை வாங்கித் தரும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க.

பருவினின்று பூச்சுக்கு

இனிக் குழலின் கதைக்கு வருவோம். நம்மனோர் தோலில் பரு ஆறியபின் அவ்விடத்தில் ஒரு கருவடு சில திங்கள் நிற்கும். கருநிறத் தோலின் இயல்பு அது. பெரும்பாலும் தானே மங்கும். ஆனால் நம் பிள்ளைகள் பருவினும் இக்கருவடுவையே மிகுதியாக அஞ்சுகின்றனர். அச்சங்கொண்டவர் வெளுப்பூட்டும் பூச்சைத் தேடுகின்றனர். வெளுப்பூட்டும் என்று கொடுக்கப்படும் பூச்சுகள் பலவற்றுள் இசுடீராய்டு என்னும் கடுமருந்து கலந்துள்ளது. பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்பன அவற்றின் பெயர்கள். சில தோல்நோய்கட்கு மருத்துவர் அளந்து சில நாள்களுக்கு மட்டும் தரவேண்டியவை இவை.

இவற்றை முகத்திற் பூசினால் முதற் கிழமையில் செம்மை தணியும், நிறம் சற்று வெளுக்கும், பூசியவர் மகிழ்வார். திங்கள்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து தாளாகும். குருதி நாளங்கள் வலைபோல் வெளித்தோன்றும். பெண்கள் முகத்தில் மயிர் முளைக்கும். பரு முன்னினும் பன்மடங்காய் எழும். அஞ்சி நிறுத்தினாலோ முகம் தீப்பட்டதுபோற் சிவந்து எரியும். அவ்வெரிச்சல் பொறாது மீண்டும் அதனையே பூசுவர். பருவுக்குப் பூச்சு, பூச்சால் பரு, அப்பருவுக்கு மீண்டும் பூச்சு என்று செக்குமாட்டு வாழ்க்கையாய் அது முடியும்.

நான் பணியாற்றும் பள்ளியில் மேனிலை வகுப்பு மாணவி ஒருத்தி, நாவன்மை மிக்கவள். ஓராண்டாகப் பேச்சு மேடை ஏற மறுத்தாள். தனியே அழைத்துக் கேட்டபோது, "ஐயா, எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்" என்றாள். அவள் தாய் நகரத்துக் கடையொன்றில் "பருவுக்கு நல்ல களிம்பு" என்று கேட்டு வாங்கியதை ஆறு திங்களாகப் பூசியிருக்கின்றாள். குழலைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்னும் எச்சரிக்கை எறும்பினும் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்தது. களை பறித்துப் பிழைக்கும் அத்தாய் அதனை எங்ஙனம் படிப்பாள்?

சட்டம் இல்லாமலில்லை. 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு இத்தகைய பூச்சு மருந்துகள் 14-ஐ மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலிற் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் பல்லாண்டு முறையிட்டதன் பயன் அது. எனினும் சட்டம் ஏட்டில் இருக்கக் களிம்பு கடையில் கைமாறுகின்றது. கேடு இதனோடும் நிற்கவில்லை. 2023-இல் கேரளத்து மலப்புறம் மாவட்டக் கோட்டக்கல்லில் சிறுநீரகக் கேட்டுடன் வந்த நோயாளர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிய வெளுப்புப் பூச்சுகளில் இருந்த பாதரசமே, அதாவது இதளே, அதற்குக் கரணியம் என்று வெளிப்படுத்தினர். முகத்திற் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது! 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் நெறிமுறைகள் இதள் சேர்த்துப் பூச்சுச் செய்வதைத் தடுத்திருந்தும் இந்நிலை.

வெண்மை அழகென்று சொன்னவர் யார்?

1975-ஆம் ஆண்டில் இந்துசுதான் லீவர் நிறுவனம் பேர் அண்டு லவ்லி என்னும் பூச்சைக் கடைக்குக் கொணர்ந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மணமில்லை. வெளுத்தபின் இரண்டும் உண்டு என்பதே அதன் விளம்பரங்கள் நெடுங்காலம் காட்டிய கதை. 2005-இல் இமாமி நிறுவனம் ஆடவர்க்கும் ஒரு வெளுப்புப் பூச்சைக் கொணர்ந்தது. நிறவெறிக்கு எதிர்ப்பு உலகெங்கும் மூண்ட 2020-இல் முன்னதன் பெயர் கிளோ அண்டு லவ்லி என்று மாறியது. பெயர் மாறிற்று, நெடுங்காலமாக ஊன்றிய எண்ணம் மாறிற்றா?

தமிழ் படித்தார்க்கு இவ்வெண்ணம் வியப்பளிக்கும். கழகப் பாடல்கள் மகளிர் நிறத்தை மாமை என்று போற்றின. மாந்தளிரின் கருமை கலந்த ஒளி அது. தோலிற் படர்ந்த புள்ளிகளையும் சுணங்கு என்றும் திதலை என்றும் பெயரிட்டு அழகெனக் கொண்டன. முல்லை நிலத்துக்குத் தொல்காப்பியம் கூறும் தெய்வம் மாயோன்; கரியவன். நிறம் வெளிறுதலுக்குப் பசலை என்று பெயர். அது பிரிவால் வரும் நோய்! வெளிறுதலை நோயென்று கருதிய இனம், இன்று வெளிறுவதற்காக நோயை விலைகொடுத்து வாங்குகின்றது.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

எனின், பரு வந்தவர் வாளா இருக்க வேண்டுமோ? வேண்டா. செலவு மிகாமல் செய்யத்தக்கவை உள்ளன.

1. நாளுக்கு இருமுறையும், வியர்த்தபின் ஒருமுறையும் முகத்தை மென்மையாகக் கழுவுக. சோப்பு என்று வழங்கும் வழலையில் மணமும் காரமும் குறைந்தது போதும். நுண்ணிதாக அரைத்துச் சலித்த பயற்றமாவும் ஏற்றதே. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பரு போகாது, தோல்தான் புண்படும்.

2. பருவைக் கிள்ளாதீர், பிதுக்காதீர். நிலைத்த வடுவுக்கு வழி அதுவே.

3. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே பரு மிகும். எண்ணெயை அளவாக வைத்து, முடியை முகத்திற் படாமற் கட்டுக. தேங்காயெண்ணெயை முகத்திற் பூசாதீர். தலையணை உறையை அடிக்கடி துவைத்திடுக.

4. எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையற் சோடா ஆகியவற்றை முகத்திற் பூசற்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுக்கும். மஞ்சளும் வேம்பும் நம்முடையவைதாம். ஆயினும் அவை பருவை முற்றும் தீர்க்கும் என்று சொல்லி யாரையும் ஏமாற்றல் ஆகாது. உண்மை எந்நாட்டில் விளைந்தாலும் தமிழன் ஏற்கத்தக்கதே.

5. மருந்து வேண்டுமெனின் பென்சாயில் பெராக்சைடு என்னும் பழகிய மருந்து உண்டு, விலையும் மிகுதியன்று. 2.5 விழுக்காட்டுக் களிம்பே போதும். 10 விழுக்காடு கூடுதல் எரிச்சலைத் தருமேயன்றிக் கூடுதல் நன்மையைத் தாராது. மருத்துவரைக் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மெல்லிதாகத் தொடங்குக. பருவின்மேல் மட்டுமன்றிப் பரு வரும் இடம் முழுதும் பூசுக. துணியை வெளுக்கும், எனவே பழைய வெண்துணியைத் தலைக்கு விரிக்க. 8 முதல் 12 கிழமை வரை பொறுத்திருந்தே பயன் காணவியலும். அடாப்பலீன் என்னும் மற்றொன்றும் நன்று; ஆனால் மருத்துவர் சீட்டின்றி அதனைத் தொடற்க. கருவுற்ற மகளிர்க்கு அஃது ஆகாது.

6. கருவடு மங்குதற்கு வெயிலைத் தவிர்த்தலே தலையாய வழி. குடையும் முக்காட்டுத் துணியும் விலை குறைந்த காப்புகள்.

ஆழ்ந்து வலிக்கும் கட்டிப்பரு, குழிவிழும் வடு, பெண்களுக்குப் பருவோடு கூடி மாதவிலக்குப் பிறழ்வும் முகமயிரும் ஆகியவை தோன்றின் தாழாது மருத்துவரிடம் செல்க. இசுடீராய்டுப் பூச்சை நெடுநாள் பூசியவர் தாமே திடுமென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் சென்று அவர் சொல்லும் முறையில் விடுக. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடைபெறுகின்றது, கட்டணமின்றிப் பார்க்கலாம். அருகே புதுச்சேரியில் சிப்மர் மருத்துவமனையிலும் தோல்நோய்ப் பிரிவு உண்டு. விளம்பரப் பூச்சுக்குச் செலவிடும் உருபாவினும் பேருந்துக் கட்டணம் குறைவே.

நாம் கேட்க வேண்டுவது

பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியோடு வட்டார மொழியிலும் அச்சிட்ட தாள் இருத்தல் வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி நெறிமுறைகள் கட்டளையிட்டுள்ளன. கத்தரிச் செடிக்குத் தமிழில் எச்சரிக்கை. கன்னிப்பெண் முகத்துக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கை! இது முறையோ? மருந்தின் பெயர் எம்மொழியினதாயினும் ஆகுக. அதனைத் தமிழ் எழுத்தில் எழுதுக. எதற்குப் பூசுவது, எத்தனை நாள் பூசுவது, பூசினால் வரும் கேடு யாது என்னும் மூன்றையும் படிக்கத்தக்க அளவில் தமிழிற் பொறித்தாலன்றித் தமிழ்நாட்டில் ஒரு களிம்புக் குழலும் விற்றல் ஆகாது என்று அரசு ஆணையிட வேண்டும். மருந்தாளுநர் சீட்டின்றி விற்பதை அதிகாரிகள் உடனே தடுக்க வேண்டும்.

ஆணை வரும்வரை ஆசிரியர்களும் அன்பர்களும் வாளா இருத்தல் ஆகாது. அவரவர் தெருவில் உள்ள பிள்ளைகள் பூசும் குழலை வாங்கிப் படித்து, உள்ளிருப்பதைத் தமிழிற் சொல்லுங்கள். மேற்கூறிய மூன்று பெயர்களுள் ஒன்று காணப்படின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மொழித்தொண்டு மேடையில் முழங்குவது மட்டுமன்று. அறியாத தாய் ஒருத்திக்கு அவள் கையிலுள்ள பொருளை அவள் மொழியில் விளக்குவதும் மொழித்தொண்டே.

தமிழிளையோரே! பரு சில ஆண்டுகளில் போகும். தாழ்வெண்ணம் புகுந்தால் எளிதிற் போகாது. முகத்தைத் தூய்மையாக வைத்திருங்கள். தலையை நிமிர்த்தி வைத்திருங்கள். மாமை நிறத்தவர் நாம். அதை மாற்றித் தருவதாகச் சொல்லும் எவனுக்கும் ஒரு காசும் கொடாதீர்!