பூட்டைத் திறந்து காட்டலாமா?

பணம் அனுப்பும் மென்பொருளின் நிரலை ஊருக்கே காட்டினால் திருட்டுப் போகாதா? நானும் அப்படித்தான் நெனச்சேன், மோஜாலூப் பற்றிப் படிக்கும்வரை. வங்கி எட்டாத ஏழைகளும் ஒரு நிறுவனக் கணக்கிலிருந்து இன்னொரு நிறுவனக் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்காக 2017-ல் கேட்ஸ் அறக்கட்டளை வெளியிட்டது அது. சுவாஹிலி மொழியில் ‘மோஜா’ என்றால் ஒன்று.

நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனா பொறுப்பாளர்கள் சரிபார்த்த பிறகுதான் அது உள்ளே சேரும். பூட்டு வேலை செய்யும் விதம் தெரிந்தால் சாவி கிடைத்துவிடுமா என்ன?

“நமக்கு நிரல் எழுதத் தெரியாதே!” என்பீர்கள். விளக்கக் குறிப்பில் புரியாத வரியைச் சுட்டிக்காட்டுவதும் பங்களிப்புதான். அந்த வரியை ஒருத்தர் தப்பா புரிஞ்சுக்கிட்டு நிரல் எழுதினா, யாரோ ஒரு அம்மாவின் பணம் நடுவழியில் நிக்கும். இதை நம் கணினி அறையிலேயே ஆரம்பிக்கலாம், சார் அரை மணி நேரம் விட்டால்!