மஹரகமவும் டி சேரம் பிளேஸும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசிங்க.

கிருலப்பனையில் 138 பஸ் ஏறினால் மஹரகம. "மஹரகமவுக்கு எடுத்துட்டாங்களாம்" என்றாலே என்ன வருத்தம் என்று நம் எல்லோருக்கும் விளங்கிவிடும். துஆ செய்வோம், பணம் சேர்ப்போம், இரத்தம் கொடுக்க நாரஹேன்பிட்டிக்குப் போவோம். 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் வாங்க கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபாய் கேட்டபோது, இனம் மதம் பாராமல் எல்லோரும் சேர்ந்து சில மாதங்களில் கொடுத்து முடித்தோம்.

அதே 2016இல்தான் குளியாப்பிட்டியில் 6 வயதுப் பிள்ளை ஒன்றைப் பாடசாலையில் சேர்க்க விடவில்லை. வாப்பா எய்ட்ஸில் மவுத்தானார் என்று ஒரு வதந்தி, அவ்வளவுதான். பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று பரிசோதனை சொல்லியும் மற்றப் பெற்றோர் கேட்கவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி இடம் கொடுத்தது. ஆசிரியர்களாகிய நமக்கு அந்தச் செய்தி இன்னும் உறுத்துகிறது.

ஒரு வருத்தத்துக்கு உண்டியல், மற்ற வருத்தத்துக்குக் கதவடைப்பு. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் வரலாம். எச்.ஐ.வி. நம் எதிர்ப்புச் சக்தியை நடத்தும் சீடி4 கலங்களை அழிக்கிறது. மொனிட்டர் இல்லாத வகுப்பு எப்படி இருக்கும்? நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் அடங்கிக் கிடக்கும் எப்ஸ்டைன் பார் போன்ற வைரஸ்கள் அப்போது துள்ளத் தொடங்கும், நிணநீர்க் கலங்கள் கட்டுமீறிப் பெருகும். லிம்போமா என்ற இரத்தப் புற்றுநோய் இப்படி வரும். (லியூகேமியாவுக்கு இந்தத் தொடர்பு இவ்வளவு பலமாக இல்லை.)

அதனால்தான் லிம்போமா என்றதும் டாக்டர்மார் எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்கிறார்கள். சில வீடுகளில் அங்கேயே சண்டை. "எங்கட குடும்பத்துல அப்படி யாரும் இல்ல டொக்டர்." யாரும் குணநலச் சான்றிதழ் கேட்கவில்லையே! கீமோவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், எச்.ஐ.வி.யும் குறைக்கும். தெரிந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள். தெரியாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோகலாம். எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் இன்று லிம்போமாவிலிருந்து கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே குணமாகிறார்கள்.

திமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யும் லியூகேமியாவும் சேர்ந்தே இருந்தன. 2007இல் பெர்லினில், எச்.ஐ.வி. நுழைய முடியாத மரபணு மாற்றம் உள்ள ஒருவரின் தண்டுக்கலங்களை அவருக்கு ஏற்றினார்கள். எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020இல் அவர் இறந்தது திரும்பி வந்த லியூகேமியாவால்தான். எல்லோருக்கும் செய்யக்கூடிய சிகிச்சை இல்லை அது, ஆபத்து அதிகம். ஆனால் நாம் பயப்படும் வருத்தம் தீர்ந்து, நாம் பணம் சேர்க்கும் வருத்தம்தான் அவரைக் கொண்டுபோனது.

இன்னொன்று. புற்றுநோய்ப் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றப் பயப்படாதீங்க. இரத்த வங்கியில் ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. நம் சகோதரிகளுக்கும் கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் இதே பரிசோதனை வழமையாகச் செய்கிறார்கள், யாரும் கோபிப்பதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசாங்கத்தின் எச்.ஐ.வி. கிளினிக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கிறது. பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. வீட்டில் யாருக்காவது கழுத்திலோ அக்குளிலோ கட்டி, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க. அவர் இந்தப் பரிசோதனையைக் கேட்டால் செய்துவிடுங்க.